தேயிலைப் பெட்டிக்குள் வைத்த கஞ்சி

அன்பு மகளுக்கு,

நீ பிறந்து ஐந்து மாதமும் சில நாட்களும் ஆகியிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, கேப்பை மாவை என் பழைய வேட்டியில் சலிப்பதா, உன் அம்மாவின் பழைய சேலையில் சலிப்பதா என்ற பிரச்சினை எங்கள் வீட்டில் விவாதத்துக்கு வந்தது. இரு தரப்பு வாதங்களும் பொறுமையாகக் கேட்கப்பட்டன. சேலை மெல்லியது, ஆனால் சாயம் போகும் என்றேன் நான். வேட்டி வெள்ளைதான், ஆனால் அதை இத்தனை வருஷம் கட்டியிருந்தது யார் என்று யோசிக்க வேண்டும் என்றாள் அவள். கடைசியில், மூன்று தரம் வெந்நீரில் அலசுவது என்ற நிபந்தனையோடு வேட்டி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே வருஷம் கொழும்பிலும் சில தீர்மானங்கள் நிறைவேறின. இந்த மலைகளில் இருக்கும் நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பதைப் பற்றியவை அவை. அவற்றின் விபரம் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர மாதக்கணக்காயிற்று. வேட்டித் தீர்மானம் அன்றைக்கே அமுலுக்கு வந்தது.

இந்தக் கதையை நீ நூறு தடவையாவது கேட்டிருப்பாய். உன் கல்யாணத்தன்று பந்தியில் உட்கார்ந்திருந்த உன் மாமனாருக்கும் சொன்னேன். அவர் ரசத்துக்காகக் காத்திருந்ததால் தப்பிக்க வழியில்லாமல் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் முடிப்பேன். விடியற்காலை காய்ச்சிய கஞ்சி, நான் கண்டுபிடித்த பெட்டிக்குள் பின்னேரம் மூன்று மணி வரைக்கும் இளஞ்சூடாக இருந்தது, டின் மாவு வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தது, முற்றும். கேட்பவர்கள் சிரிப்பார்கள், நீ வெட்கப்படுவாய். முடிக்க மிகவும் வசதியான இடம் அது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

உன் கடிதம் இன்று காலை வந்தது. அம்மாவின் பெயருக்குத்தான் எழுதியிருந்தாய். வழக்கம் போல நான் உரக்க வாசித்தேன். அவள் போஞ்சி நறுக்கிக்கொண்டே கேட்டாள். நீங்கள் இருக்கும் பட்டிப்பொலக் குளிர், மருமகனுக்கு ரயில்வே ஸ்டேஷனில் மாறி மாறி வரும் வேலை, நீ உருளைக்கிழங்குத் தோட்டத்து வேலைக்குப் போகத் தொடங்கியது, பக்கத்து குவார்ட்டர்ஸ் சோமா அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு இது வந்தது: "பிள்ளைக்கு ஆறாம் மாதம். டின் மாவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அப்பா சொல்கிற மாதிரியே கேப்பையும் பயறும் முளைகட்டி மா இடித்துவிட்டேன். உங்கள் மருமகன் ஒரு தேயிலைப் பெட்டியும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். விடியக் காய்ச்சி, கம்பளியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். மூன்று மணிக்கும் சூடு ஆறவில்லை. அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோசப்படுவார்."

உன் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க இன்னும் அந்தப் புள்ளக்கிச் சொல்லலையா?"

"சமயம் வரல."

"பதினெட்டு வருசமாவா வரல?"

சட்டையை மாற்றாமல், பள்ளிக்கூடத்தைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, அக்கரப்பத்தனைத் தபால் கந்தோருக்கு நடந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியவில்லை. பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று. கந்தோரில் நான் எழுதிக் கொடுத்த தந்தியை போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார்: பெட்டி வேண்டாம் கம்பளி வேண்டாம் கஞ்சியைக் கொட்டு கடிதம் வருகிறது அப்பா.

"மாஸ்டர், இது என்னா, ஏதும் ரகசிய பாஷையா? பொலிஸ்காரன் பாத்தான்னா என்னயில்ல கூப்புடுவான்."

"கஞ்சிதாங்க."

"கஞ்சிக்கு யாருங்க தந்தி குடுப்பா? இந்த நாக்காலியில உக்காந்து பதினொரு வருசம். சாவு, புள்ளப்பேறு, வேல மாத்தல். இந்த மூணத் தவிர நாலாவதா ஒண்ண நான் அடிச்சதில்ல."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உடனே உட்கார்ந்து அடித்தார்.

ஆக, இந்தக் கடிதம் கிடைப்பதற்கு முன்பே தந்தி கிடைத்திருக்கும். அப்பாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நீயும் மருமகனும் பேசிக்கொண்டிருப்பீர்கள். கலங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ரயிலேறி நேரிலேயே வந்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். வந்தால் உன் முகத்தைப் பார்த்துப் பாதிக் கதையோடு நிறுத்திவிடுவேன். அதில் எனக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். பாதிக் கதையைக் கேட்டால், "அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று நீ பெட்டியை மறுபடியும் எடுத்து வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீ இதைக் கிழித்துப் போட்டாலும் இந்தப் பகுதி உன்னிடம் இருக்க வேண்டும். நீ இடித்த மாவில் குற்றமில்லை. கேப்பையை ஒரு நாள் ஊறவைத்துத் துணியில் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருப்பாய். அந்தக் குளிரில் முளைவிட மூன்று நாளாவது எடுத்திருக்கும். காயவைத்து, மணம் வரும்வரை வறுத்து, வறுத்த பயறும் கொஞ்சம் குறுணலும் சேர்த்து இடித்துச் சலித்த மா, மூடியுள்ள டின்னில் ஒரு மாதம் இருக்கும். மா காத்திருக்கலாம். கஞ்சி காத்திருக்கக் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு கரண்டி மா போதும். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டி, நன்றாகக் கொதித்துப் பொங்கின பிறகு இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் கரண்டியால் கொடு. கரண்டியையும் கிண்ணத்தையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடு. மிச்சத்தைப் பெரியவர்கள் உடனே குடித்துவிடலாம், அல்லது கொட்டிவிடலாம். கொட்டும்போது மனம் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும், கொட்டு. சோமா அக்காவிடம் காய்ச்சிய கஞ்சியைக் கொடுக்காதே. மாவையும் ஒரு சின்னச் சட்டியையும் கொடு. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் காய்ச்சச் சொல்லி, அவளுக்கு முன்னால் நீயே ஒரு தரம் செய்துகாட்டு. சோற்றையும் பருப்பையும் குழைத்துக் கொடுக்கலாம். நீ பொறுக்கும் கிழங்கிலேயே நல்லதாக ஒன்றை அவித்து மசித்துக் கொடுக்கலாம். அதுவும் அந்தந்த நேரத்துக்குத்தான். வேலை முடிந்து வந்தால் தாய்ப்பாலை விடாதே.

பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கினால், தண்ணீர் காட்டக்கூடாது என்று யார் சொன்னாலும் கேட்காதே. பாலும் கொடு. உப்பு சிட்டிகை போட்ட சோற்றுக்கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக, நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. அழும்போது கண்ணீர் வராவிட்டால், உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தால், மருமகனின் வேலை முடியட்டும் என்று காத்திராதே. வருகிற முதல் ரயிலை மறி. ஸ்டேஷன் மாஸ்டர் திட்டினால் என் பெயரைச் சொல்.

இனி, நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

அப்போது உன் அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். கொழுந்துக்காரிகள் கைக்குழந்தைகளைக் காலையில் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே ஏழெட்டு ஏணைத் தொட்டில்களையும் ஒரு டின் விளக்கையும் வைத்துக்கொண்டு ஆயா பேச்சி இருப்பாள். உனக்கு அவளை நினைவிருக்காது. முப்பது வயது, புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், தோட்டத்தில் யாருக்கும் பயப்படாத வாய். உன் அம்மா பத்து மணிக்கு ஒரு தரம் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு, பின்னேரம் கொழுந்தை எடைபோட்டு முடிகிறவரை நீ பசியோடு இருக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கஞ்சி.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. துரை பங்களாவில் கழித்துப் போட்ட பிள்ளை வளர்ப்புப் புத்தகம், ஆங்கிலத்தில். முதல் நாற்பது பக்கங்கள் இல்லை. பாத்திரங்களைக் கொதிக்க வைப்பது பற்றியும், சமைத்ததை எத்தனை நேரம் வைக்கலாம் என்பது பற்றியும் அவற்றில் இருந்திருக்கலாம். எனக்குக் கிடைத்தது நாற்பத்தோராம் பக்கம்: குழந்தைக்கு உணவைக் குளிரக் கொடுக்கலாகாது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் அதே பயம்தான். சில்லென்று எது உள்ளே போனாலும் சளி நெஞ்சைக் கட்டிவிடும் என்பார்கள். புத்தகமும் லயமும் ஒரே குரலில் பேசினால் ஒரு வாத்தியார் எதைச் சந்தேகப்படுவான்? ஸ்டோரில் உடைந்து கிடந்த தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். காய்ந்த மானாப் புல்லை அடைத்து, நடுவில் கம்பளியைச் சுற்றி, கஞ்சித் தூக்கு உட்கார ஒரு குழி செய்தேன். விடிய ஐந்து மணிக்குக் காய்ச்சி உள்ளே வைத்து, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகிற வழியில் உன் அம்மா உன்னை இடுப்பிலும் நான் பெட்டியைத் தலையிலுமாகப் போவோம். அதைப் பார்க்கச் சனம் நின்றது.

"வாத்தியாரய்யா, அடக்கோழியா கொண்டாறீங்க?" என்று பேச்சி முதல் நாளே கேட்டாள்.

"கஞ்சி. மூணு மணி வரைக்கும் ஆறாது."

"ஆறாதது சரிங்க. அடகாத்தா எதாச்சும் பொரிக்குமே?"

சிரித்தேன். அவள் சொன்னதைவிடச் சரியான விஞ்ஞானம் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பனி விழும் காலம். பெட்டி அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை, கஞ்சி சீக்கிரமே ஆறிப்போய்ப் புளிக்காமல் இருந்தது, அதனால் நீ தப்பித்தாய். நான் இன்னும் கொஞ்சம் புல்லும் இரண்டாவது கம்பளியும் சேர்த்துப் பெட்டியைத் திருத்தினேன்.

அங்கம்மாளும் கொழுந்துக்காரிதான், மேல் லயத்தில் இருந்தாள். அவளுக்குப் பால் போதவில்லை. அவள் மகன் ராசு உன்னைவிட ஒரு மாதம் சின்னவன், பிள்ளைக்காம்பராவில் உனக்குப் பக்கத்து ஏணை. பசியில் அவன் போடும் சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்கும். நான்தான் அவளிடம் போய்ச் சொன்னேன், இனிமேல் தூக்கில் இரண்டு பங்கு வரும் என்று. அவள் என் காலைத் தொடப் போனாள். அந்த வாரம் முழுக்க நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்று உன் அம்மா சொல்வாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பேச்சி பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றாள். கையில் தூக்கு.

"ஐயா, இது புளிச்ச வாட அடிக்கிது. இன்னைக்கு வேணாங்க."

"முளை கட்டினது அப்படித்தான் மணக்கும்."

"மணக்கிறது வேற, நாறுறது வேற. நீங்களே வாயில வச்சிப் பாருங்க."

வாயில் வைத்தேன். புளித்திருந்தது. மகளே, இந்த வரியை எழுதத்தான் பதினெட்டு வருஷம் ஆயிற்று. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். மூன்று நாள் முளைகட்டி, இரண்டு நாள் காயவைத்து, உன் அம்மா உரலில் இடித்த மா. ஊரே பார்த்த பெட்டி. காலைத் தொடப் போன அங்கம்மாள். இத்தனையையும் ஓர் ஆயா சொன்னாள் என்று சாக்கடைக் கானில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. மேசையில் தேத்தண்ணிக்கு வைத்திருந்த சீனியில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன். மறுபடி வாயில் வைத்துப் பார்த்தேன். இனித்தது.

"இப்பக் குடுக்கலாம்," என்றேன்.

"ஐயா சொல்றீங்க, குடுக்கிறேன்," என்று போனாள்.

அன்று பின்னேரமே இரண்டு பேருக்கும் வயிற்றால் போகத் தொடங்கியது. வியாழக்கிழமை காலை நீ என் மடியில் ஈரத் துணி மாதிரிக் கிடந்தாய். வாயைத் திறந்து அழுதாய், சத்தம் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. உன் உச்சியில் கை வைத்தேன். விரல் உள்ளே இறங்கியது. நான் எத்தனையோ விஷயங்களுக்குப் பயந்திருக்கிறேன், துரைக்கு, மழைக்கு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு. அவையெல்லாம் பயம் அல்ல என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. தோட்டத்து டாக்டர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தார். நான் புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். உன் அம்மா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு பேச்சியிடம் ஓடினாள். பேச்சி சோற்றுக்கஞ்சித் தண்ணீரில் உப்பைப் போட்டு, உன் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். நீ கக்கினாய். மறுபடி விட்டாள். மறுபடி கக்கினாய்.

"கக்கட்டும். ரெண்டு கக்குனா ஒண்ணு தங்கும்," என்றாள். பிறகு, "அந்த மேல் லயத்துப் புள்ளயையும் இங்க கொண்டாறச் சொல்லுங்க. மாமியாக்காரி தண்ணி காட்டாம வச்சிருக்கா," என்றாள்.

நான் மேல் லயத்துக்குப் போனேன். அங்கம்மாளின் மாமியார் வாசலில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணி கொடுத்தால் அதுவும் போகும் என்றாள். நான் வாதாடியிருக்கலாம். வாதாடுவதுதான் எனக்குத் தொழில். ஆனால் "பிள்ளைக்கு என்னா ஆகாதத குடுத்தீங்க?" என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்து, பேச்சி சொன்னதை ஒரு தரம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நீ கக்காமல் குடித்தாய். அன்று மத்தியானத்துக்கு முன்பே ராசு இறந்துபோனான்.

இதைக் கேட்டு நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. உன் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று பேனாவை மூடினேன். உன் அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் நான் எந்த இடத்தில் நிறுத்துவேன் என்று தெரியும்.

"ஆபீஸ்ல நடந்ததயும் எழுதுங்க," என்றாள்.

சனிக்கிழமை காலை ஆபீஸ் வராந்தாவில் விசாரணை. பெரிய துரை புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா மேசைக்குப் பக்கத்தில் நின்றார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்தில் முழு ஆங்கில வசனம் பேசுகிறவன் நான்தான் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. பேச்சி படிக்குக் கீழே கைகட்டி நின்றாள். பிள்ளைகளுக்கு அன்றைக்கு என்ன கொடுத்தாய் என்று துரை கேட்டார். அதைத் தமிழில் கேட்டேன்.

"வேற என்னத்தங்க குடுத்தேன்? இந்தா நிக்கிறாங்களே ஐயா, இவங்க வீட்டுக் கஞ்சியத்தான். புளிச்சிருக்கு, வேணாமுன்னு கொண்டுபோய்க் காட்டுனேன். இவங்கதான் சீனியப் போட்டுக் குடுக்கச் சொன்னாங்க."

துரை என்னைப் பார்த்தார். எனக்கு இருந்த வீடு பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தது. உன் அம்மாவின் பேர் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் இருந்தது. எங்களிடம் எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. நீ வீட்டில் இன்னும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தாய். இவையெல்லாம் நான் பிறகு சேர்த்த காரணங்கள். அப்போது இருந்தது பயம் மட்டும்தான். தான் கஞ்சி கொடுத்ததாகவும், அது புளித்திருந்ததாகவும், சீனி போட்டுக் கொடுத்ததாகவும் அவள் சொல்கிறாள் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. கண்டாக்கையாவுக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவர் வராந்தாக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை ஏதோ எழுதினார். படியிறங்கும்போது பேச்சி பின்னாலேயே வந்தாள்.

"எல்லாத்தயும் சொல்லிட்டீங்களாய்யா?"

"சொல்லிட்டேன்."

"அது போதுங்க," என்றாள். "புள்ள குடிக்கிதா?"

"குடிக்கிது."

செவ்வாய்க்கிழமை பேச்சியின் பேரை வெட்டி, தோட்டத்தை விட்டு அனுப்பும் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளோடும் மரக்கறி லொறியில் ஏறி நுவரெலியாப் பக்கம் போனாள். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு உன் அம்மாவை ஆயாவாகப் போட்டார்கள்.